தியானத்தின் கடைசி இரவில் உயர்த்திய கை வார்த்தைப்பாடு ஆகுமா?

காரைக்குடி மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மாணவர் தியானத்தில் மனம் நெகிழ்ந்திருந்த வேளையில் கடவுளுக்குக் கொடுத்த சொல், அந்த நெகிழ்ச்சி அடங்கிய பிறகு நம்மை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பதை விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

நான் காரைக்குடியில் விடுதியில் தங்கி இளங்கலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் சருகணிப் பக்கம். அப்பா குவைத்தில் ஓட்டுநராக இருக்கிறார். வீட்டில் அம்மாவும் பள்ளியில் படிக்கும் தம்பியும் இருக்கிறார்கள். தவக்காலம் தொடங்குவதற்கு முன்பு கத்தோலிக்க மாணவ மாணவியருக்காக நடந்த ஒரு வார இறுதித் தியானத்திற்குச் சென்றேன். ஆர்வத்தால் போனேன் என்று சொல்ல மாட்டேன். தோழிகள் எல்லோரும் போனார்கள், விடுதியில் தனியாக இருக்க மனமில்லாமல் நானும் போனேன்.

ஆனால் அங்கே எனக்கு ஏதோ ஒன்று உண்மையாகவே நடந்தது. அரைநாள் முழுவதும் யாருடனும் பேசக் கூடாது என்றார்கள். நாம் பேசுவதை நிறுத்திவிட்ட மனிதர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஏன் நிறுத்தினோம் என்று கடவுள் முன்னிலையில் நினைத்துப் பார்க்கும்படி தியானம் நடத்திய சிஸ்டர் சொன்னார். என் விடுதி அறைத்தோழியின் பெயரை எழுதினேன். விடுதிக் காப்பாளரிடம் என்னைப் பற்றிக் குறை சொன்னாள் என்ற சந்தேகத்தில், ஒரே அறையில் இருந்துகொண்டே அவளோடு பேசாமல் இருந்தேன். அது வெறும் சந்தேகந்தான், அதற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை என்பது அந்தத் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. திரும்பி வந்த அன்றே நானாகப் போய்ப் பேசினேன். இப்போது நன்றாக இருக்கிறோம்.

சிக்கல் கடைசி இரவில் வந்தது. நற்கருணை ஆராதனையின்போது விளக்குகளைக் குறைத்து, ஒரே பாடலைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த போதகர், தம் வாழ்வு முழுவதையும் ஆண்டவருக்குக் கொடுத்துத் துறவறம் செல்ல விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். நான் உயர்த்தினேன். அழுதுகொண்டுதான் உயர்த்தினேன், ஆனால் யாரும் என்னை வற்புறுத்தவில்லை. மறுநாள் காலையில் கை உயர்த்தியவர்களின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் குறித்துக்கொண்டார்கள். இப்போது ஒரு கன்னியர் மடத்தின் இறையழைத்தல் பொறுப்பாளரான (துறவறம் வர விரும்புகிறவர்களுக்கு வழிகாட்டும்) சிஸ்டர் அவ்வப்போது அழைத்து, கோடை விடுமுறையில் தங்கள் முகாமுக்கு வரும்படி அன்பாகக் கேட்கிறார். அழைப்பு வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த இரவில் இருந்த உணர்வில் கொஞ்சம்கூட இப்போது இல்லை. செபிக்க உட்கார்ந்தாலும் மனம் வறண்டு கிடக்கிறது. முதுகலையும் பி.எட்.டும் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். வீட்டில் இன்னும் எதையும் சொல்லவில்லை.

கடவுளிடம் சொன்னதை மீறினால் குடும்பத்துக்கே ஆகாது என்கிறாள் ஒரு தோழி. எல்லாம் அந்த நேரத்து உணர்ச்சி, மறந்துவிடு என்கிறாள் இன்னொருத்தி. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. மறந்துவிடலாம் என்றால் என் அறைத்தோழியிடம் நான் போய்ப் பேசியதும் உணர்ச்சிதானா?


ஓய்வுபெற்ற பேராசிரியர், தேவகோட்டை எழுதியது:

அம்மா, உங்கள் பயத்துக்குக் காரணமான கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். நீங்கள் கை உயர்த்தியது வார்த்தைப்பாடு ஆகாது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1191ஆம் சட்டத்தில், வார்த்தைப்பாடு என்பது கடவுளுக்கு ஆய்ந்து தெளிந்து, முழு விடுதலையோடு கொடுக்கப்படும் வாக்குறுதி என்று வரையறுக்கிறது. போதகர் கேட்டது விருப்பம் உள்ளவர்கள் யார் என்பதைத்தான். நீங்கள் காட்டியதும் விருப்பத்தைத்தான். உங்கள் மனச்சான்று இதற்கும் அடங்கவில்லை என்றால் இன்னொன்றும் சொல்கிறேன். ஒருவர் உண்மையிலேயே தனிப்பட்ட முறையில் ஒரு வார்த்தைப்பாட்டைக் கொடுத்திருந்தாலும், நியாயமான காரணம் இருந்தால் அதிலிருந்து அவரை விடுவிக்கும் அதிகாரத்தைப் பங்குக் குருவுக்கே 1196ஆம் சட்டம் கொடுத்திருக்கிறது. குடும்பத்துக்கு ஆகாது என்பதெல்லாம் நம் திருச்சபையின் போதனையில் எங்கும் இல்லை. உங்கள் தோழி அதை எங்கிருந்து பெற்றார் என்பது எனக்குத் தெரிந்த மாதிரிதான், நம் ஊர்ப்பக்கம் எல்லாச் சமயத்தாரும் அதை ஒரே குரலில் சொல்வார்கள்.

நான் பணியில் இருந்த காலத்தில் மாணவர்களைத் தியானத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பில் இருந்திருக்கிறேன். இடைக்காட்டூருக்கும் ஓரியூருக்கும் கூட்டிச் சென்றிருக்கிறோம். (இடைக்காட்டூருக்குப் போனால் முதல் பொழுது வீண். 1894இல் பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தின் சாயலில் எழுப்பிய அந்தக் கோவிலைப் படம் பிடித்து முடிக்காமல் எந்த மாணவனும் தியானத்தில் உட்கார மாட்டான்.) அந்த நாட்களில் எங்களுக்குத் தியானம் நடத்திய சேசு சபைக் குருக்கள் கடைசி இரவில் யாரையும் கை உயர்த்தச் சொன்னதில்லை. அது அவரவர் விருப்பமாக இருந்ததென்று அப்போது எண்ணிக்கொண்டேன். அதற்குப் பின்னால் பழைய விதியே ஒன்று இருக்கிறது என்பதைப் பிற்பாடுதான் படித்து அறிந்தேன்.

இன்று நாம் தியானம் என்று நடத்துவதற்குப் பெரும்பாலும் அடிப்படையாக இருப்பவை சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது எழுதத் தொடங்கிய ஆன்மிகப் பயிற்சிகள். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அவற்றுக்கு ஒப்புதல் அளித்தார். அவற்றின் முன்குறிப்புகளில் பதினான்காவது, தியானம் செய்பவர் மிகுந்த ஆறுதலோடும் உருக்கத்தோடும் இருப்பதைக் கண்டால், அவசரப்பட்டு எந்த வாக்குறுதியும் வார்த்தைப்பாடும் கொடுத்துவிடாதபடி அவரை எச்சரிக்க வேண்டும் என்று தியானம் நடத்துகிறவருக்குக் கட்டளையிடுகிறது. பதினைந்தாவது இன்னும் ஒரு படி மேலே போகிறது. துறவறம் மேலானதுதான், பிற நேரங்களில் அதை ஒருவருக்கு எடுத்துச் சொல்லலாம். ஆனால் தியான நேரத்தில் நடத்துபவர் எந்தப் பக்கமும் சாயாமல் தராசு முள்போல நடுவில் நின்று, படைத்தவர் தம் படைப்போடு நேரடியாகப் பேச இடம் கொடுக்க வேண்டும் என்கிறது. உங்களுக்கு நடந்தது இந்த இரண்டு குறிப்புகளுக்கும் நேர் எதிரானது. அந்தப் போதகர் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார். நல்ல எண்ணம் உள்ளவர்களுக்காகத்தானே இஞ்ஞாசியார் இதை எழுதிவைத்தார்?

உங்களுக்குச் சாதகமாக இவ்வளவு சொன்னேன் என்பதற்காக, இப்போதே அந்த சிஸ்டரிடம் முடியாது என்று சொல்லி முடித்துவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆன்ம வறட்சியில் இருக்கும்போது எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்பதும் இஞ்ஞாசியாரின் விதிதான். ஆறுதலின் உச்சியில் கொடுத்த சொல்லை நம்பக் கூடாது என்றால், வறட்சியின் அடியில் எடுக்கும் முடிவையும் நம்பக் கூடாது. வேறோர் இடத்தில் அவர் மிக நுட்பமாக ஒன்றைச் சொல்கிறார்: கடவுள் தரும் ஆறுதல் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது கடந்த பின்பு உள்ளம் இன்னும் சூடாக இருக்கும் நேரத்தில் நாமாகச் செய்துகொள்ளும் தீர்மானங்கள் வேறு. அவற்றை நன்கு ஆராய்ந்த பிறகே நம்ப வேண்டும். உங்கள் இரண்டாவது தோழி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார். ஆறுதல் உண்மை, அதை ஒட்டி வந்த தீர்மானம் சோதிக்கப்பட வேண்டியது.

ஓரியூரில் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் இரத்தம் சிந்திய சேசு சபைக் குரு புனித அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ) கதையை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சிறுவனாக இருக்கையில் அவர் கடும் நோயுற்றபோது, பிழைத்தால் ஓராண்டு சேசு சபையாரின் அங்கியை உடுத்துவிப்பேன் என்று அவர் தாய் நேர்ந்துகொண்டு, அப்படியே உடுத்துவித்தார். ஆனால் அந்த நேர்ச்சை அவரைத் துறவியாக்கிவிடவில்லை. ஆண்டு முடிந்ததும் அங்கியைக் கழற்றினார். 1662இல், வளர்ந்த பிறகு, தாமாகவே தேடிப்போய் அச்சபையில் சேர்ந்தார். தாய் நேர்ந்தது வேறு, மகன் தேர்ந்தது வேறு.


பள்ளத்தூர்க்காரன் எழுதியது:

பேராசிரியர் ஐயா மிகவும் மென்மையாக எழுதியிருக்கிறார். நான் அவ்வளவு மென்மையாக எழுதப் போவதில்லை. கல்லூரிக் காலத்தில் இளையோர் குழுவில் இருந்து, இப்படிப்பட்ட இரவுகளுக்கு ஒலிபெருக்கி கட்டிக் கொடுத்தவன் நான். பிள்ளைகளுக்குத் தூக்கம் குறைவு, சாப்பாடு எளிமை, வெளித்தொடர்பு இல்லை. மூன்றாம் நாள் இரவு இருட்டில் ஒரே பல்லவியை அரைமணி நேரம் பாடவைத்தால் பாதிப் பேர் அழத்தான் செய்வார்கள். அழுகிறவர்களைப் பார்த்து மீதிப் பேரும் அழுவார்கள். எந்தப் பாட்டுக்கு எந்த விளக்கை அணைக்க வேண்டும் என்று எங்களிடம் குறிப்புத் தாளே இருந்தது. நீங்கள் ஆவியானவரின் செயல் என்று நினைத்ததில் ஒலிபெருக்கிக்காரனின் பங்கும் கொஞ்சம் உண்டு.

அதைக்கூட விட்டுவிடலாம்; திருவிழாவிலும் பாட்டும் விளக்கும் இருக்கின்றன, யாரும் குறை சொல்வதில்லை. என்னால் பொறுக்க முடியாதது மறுநாள் காலையில் எண்களைக் குறித்துக்கொண்டதுதான். பெண் பார்க்க வந்த அன்றே யாராவது தாலியை எடுப்பார்களா? நம் வீடுகளில் ஒரு சம்பந்தம் பேச எத்தனை பேரைக் கேட்கிறோம், எத்தனை முறை போய் வருகிறோம்! பத்தொன்பது வயதுப் பெண்ணின் வாழ்நாள் முழுவதையும் பற்றிய பேச்சில், பெற்றோருக்குச் செய்தியே தெரியாமல் ஒரு மடம் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருப்பது எந்த முறையில் சேர்த்தி? சகோதரி, அந்த அழைப்புகளை எடுக்காதீர்கள். தியானம், முகாம் என்று இனி எங்கும் போகவும் வேண்டாம். உங்களுக்கு வளர்ச்சி வேண்டும் என்றால் நூலகத்துக்குப் போங்கள்.


திருப்பத்தூர் ஆசிரியை எழுதியது:

பள்ளத்தூர்த் தம்பி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இருட்டும் பாட்டும் பற்றி அவர் எழுதியதைத் தியானம் ஏற்பாடு செய்கிற எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். ஆனால் இந்தத் தங்கை எழுதியதை அவர் முழுவதும் படித்தாரா என்பது எனக்குச் சந்தேகம். அறைத்தோழியின் பெயரை எழுதியது இருட்டிலும் அல்ல, பாட்டுக்கு நடுவிலும் அல்ல. பகல் வெளிச்சத்தில், யாரும் பேசாமல் இருந்த நேரத்தில், ஒரு தாளைப் பார்த்துக்கொண்டு. அதில் ஒலிபெருக்கிக்காரருக்கு வேலையே இல்லை. ஒரே தியானத்துக்குள் இரண்டு வேறுபட்ட காரியங்கள் நடந்திருக்கின்றன. ஒன்று அவளை அவளுக்கே காட்டியது. மற்றொன்று அவளை அவளிடமிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டது. இரண்டாவதன் மேல் உள்ள கோபத்தில் முதலாவதையும் சேர்த்துத் தூக்கி எறியச் சொல்வது நியாயம் இல்லை.

நாங்கள் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள். எங்கள் பக்கத்தில் துறவறம் இல்லை. ஆனால் மாணவர் முகாம்களில் முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்ற அழைப்பு உண்டு. கல்லூரியில் படிக்கும்போது நானும் அப்படி எழுந்து நின்றிருக்கிறேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, மகிழவும் இல்லை. படிப்பை முடி, முடித்த பிறகும் இதே எண்ணம் இருந்தால் நானே கொண்டுபோய்ப் போதகரிடம் விடுகிறேன் என்றார். படித்து முடிப்பதற்குள் அந்த எண்ணம் வேறு உருவம் எடுத்திருந்தது. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதில்தான் என் மனம் நின்றது. இன்றும் அரசுப் பள்ளியில் அதைத்தான் செய்கிறேன். எழுந்து நின்ற அந்த நாளை நான் பொய்யாக்கிவிட்டேன் என்று ஒருபோதும் நினைத்ததில்லை.

வேதாகமத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியை எண்ணிப் பாருங்கள். பெருங்காற்று, நிலநடுக்கம், தீ எல்லாம் கடந்துபோன பிறகு மெல்லிய சத்தம் கேட்டது என்பதோடு பிரசங்கம் செய்கிறவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அடுத்த வசனங்களில் ஆண்டவர் அவனை அந்தக் குகையில் தங்கச் சொல்லவில்லை. வந்த வழியே திரும்பிப் போகச் சொல்லி, இன்ன இன்ன ஆட்களைப் போய் அபிஷேகம் செய் என்று பெயர் சொல்லி வேலை கொடுக்கிறார். தங்கைக்கும் அந்தத் தாளில் பெயரோடு ஒரு வேலை கிடைத்தது, அதைச் செய்தும் முடித்திருக்கிறாள்.

கடவுளுக்கு முழுவதும் கொடுப்பது என்றால் மடத்துக்குப் போவது ஒன்றுதான் என்ற எண்ணமும் உங்கள் பயத்துக்கு ஒரு காரணமோ என்று தோன்றுகிறது. 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான பாரஸ்டர் பேட்டனும் குருமார்கள் அல்லர், மருத்துவர்கள். (நம் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அல்ல, பழைய வடஆர்க்காட்டுத் திருப்பத்தூர், என் ஊர்ப் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் அந்த ஆசிரமத்தைத்தான் கேட்கிறார்கள்.) மணம் செய்துகொள்ளாமல், எளிமையாக வாழ்ந்து, நோயாளிகளைக் கவனித்து, தாங்கள் படித்த மருத்துவத்தையே ஊழியமாக்கினார்கள். வேதியியல் படித்த ஒருத்தி அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதும் ஜெபத்தோடு கேட்க வேண்டிய கேள்விதான்.


காரைக்குடி மாணவி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வார்த்தைப்பாடு அல்ல என்று பேராசிரியர் ஐயா எழுதியதைப் படித்த பிறகுதான் இந்த விஷயத்தைப் பயமில்லாமல் நினைத்துப் பார்க்கவே முடிகிறது. பயம் போன பிறகும் அந்த விருப்பம் முழுவதும் போய்விடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கத்தில் வளர்ந்த யாருக்கும் லெவே அடிகளைத் தெரியாமல் இருக்காது. அவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றப் போகும்போதெல்லாம், சொந்த நாட்டை விட்டு இந்தச் செம்மண்ணுக்கு வந்து இங்கேயே இறந்த மனிதர் என்ற நினைப்பு சின்ன வயதிலிருந்தே எனக்கு உண்டு. ஆகவே எல்லாமே அந்த ஒரு இரவில் முளைத்தது என்றும் சொல்ல முடியாது.

பள்ளத்தூர் அண்ணன் சொன்னபடி அழைப்பை எடுக்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த சிஸ்டர் நல்லவர். ஆனால் அவரிடம் என்ன பேசுவது, எதைக் கேட்பது என்று தெரியவில்லை. அப்பாவிடமும் சொல்ல வேண்டும். அதற்கும் வழி தெரியவில்லை. தியானம் முடிந்த பிறகு அந்த வளர்ச்சி நின்றுவிடாமல் இருக்க நானாக ஏதாவது செய்ய வேண்டுமா என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.


அருள்சகோதரி ஒருவர் எழுதியது:

அன்புத் தங்கைக்கு, நான் பல ஆண்டுகள் எங்கள் சபையில் இறையழைத்தல் பணியில் இருந்தவள். உங்களை அழைக்கும் சிஸ்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: 'படிப்பை முடித்த பிறகு இதைப் பற்றி நானே உங்களிடம் பேசுகிறேன், அதுவரை நீங்கள் அழைக்க வேண்டாம்.' நல்ல பொறுப்பாளர் இதைக் கேட்டு வருந்த மாட்டார், இன்னும் மதிப்பார். பட்டப்படிப்பை முடித்துவிட்டு வருகிற பெண்களையே நாங்கள் விரும்பினோம். படிப்பை நிறுத்திவிட்டு வா என்றோ, வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்றோ யாராவது சொன்னால், அவர் எந்த அங்கி உடுத்தியிருந்தாலும் அந்த இடத்தைவிட்டு விலகிவிடுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. பயிற்சிக்காலம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் வீட்டுக்குப் போகலாம், விலக நினைத்தால் என்ன நடைமுறை, அந்தச் சபைச் சகோதரிகள் எந்தப் பணிகளைச் செய்கிறார்கள், ஆசிரியர் படிப்புக்கு அனுப்புவார்களா என்பதையெல்லாம் தயங்காமல் கேளுங்கள். ஒன்றை மட்டும் எந்தச் சபையாலும் மாற்ற முடியாது. நவதுறவு, அதாவது வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முந்தைய பயிற்சிக்காலம், குறைந்தது பன்னிரண்டு மாதங்கள். அந்தக் காலத்தில் எந்த நாளும் நீங்களாக எழுந்து வீட்டுக்கு வந்துவிடலாம். அதன் பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு குறைந்தது மூன்று ஆண்டுகள். நிலையான வார்த்தைப்பாட்டுக்கு இருபத்தோரு வயது நிறைந்திருக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலான சபைகளில் இதைவிட அதிக காலம் ஆகிறது. திருச்சபை இத்தனை ஆண்டுகள் எடுத்துச் சோதிக்கிற ஒன்றை ஓர் இரவில் நீங்கள் தீர்த்திருக்க வேண்டும் என்று எண்ணுவதை முதலில் விட்டுவிடுங்கள்.

தியானத்தில் தொடங்கிய வளர்ச்சியைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் அனுபவத்தில், பெரிய தீர்மானங்களோடு திரும்பியவர்களைவிட, ஏதாவது ஒரு சிறிய பழக்கத்தோடு திரும்பியவர்களிடம்தான் பிற்பாடு மாற்றத்தைக் கண்டிருக்கிறேன். இரவில் படுக்கும் முன் சிறிது நேரம், அன்றைய நாளில் எதற்கு நன்றி சொல்லலாம், யாரிடம் எப்படி நடந்துகொண்டோம், நாளை யாரைச் சந்திக்கப் போகிறோம் என்று பார்க்கும் ஆன்ம ஆய்வு உங்களுக்குப் பொருந்தும். ஏனென்றால் தியானத்தில் உங்களுக்குத் திறந்தது அந்தக் கதவுதான். வறட்சியாக இருக்கிறதே என்று அதன் நேரத்தைக் குறைக்காதீர்கள். அறைத்தோழியின் பெயரைக் கண்டுபிடித்த அதே கண்ணால் உங்கள் இறையழைத்தல் விருப்பத்தையும் ஒரு நாள் பார்ப்பீர்கள். இஞ்ஞாசியார் சொல்லும் ஒரு வழியையும் கையாளலாம்: நீங்கள் முன்பின் பார்த்திராத ஒரு பெண் இதே நிலையில் இருந்து, அவளுக்கு எது மிகவும் நல்லதோ அதை மட்டுமே நீங்கள் விரும்பினால், அவளுக்கு என்ன சொல்வீர்கள்? அதை எழுதி வைத்து, தேர்வுகள் முடிந்ததும் மறுபடி படித்துப் பாருங்கள். எழுதியதை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. உங்கள் பங்குக் குருவிடம் மட்டும் காட்ட விரும்பினால் காட்டலாம்.

அப்பாவிடம் நேரடியாகத் தொலைபேசியில் தொடங்காதீர்கள். முதலில் அம்மாவிடம், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, தம்பி பள்ளிக்குப் போன பிறகு சொல்லுங்கள். போகப் போகிறேன் என்று சொல்லாமல், இப்படி ஒரு எண்ணம் இருக்கிறது, படிப்பு முடியும்வரை எதையும் முடிவு செய்யப் போவதில்லை என்று சொல்லுங்கள், அதுதான் உண்மையும்கூட. பிறகு இருவருமாக அப்பாவிடம் பேசலாம். குவைத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால், அன்று காலையில் அவர் பூசைக்குப் போய் வந்த பிறகு அழைத்தால் அவசரமில்லாமல் பேச முடியும்.